நேற்று ராத்திரி இரண்டு மணி

அத்தியாயம் பதினெட்டு

"சாப்பிடுறவங்க சாப்பிட்டுட்டுப் போகலாம்," என்றார் மாமியார், சுவரைப் பார்த்து.

வீட்டில் சாப்பிடாமல் இருந்தது மருமகள் ஒருத்திதான். ஆனாலும் அழைப்பு சுவருக்குத்தான் போயிற்று. மூன்று வாரமாக மாமியார் அவளிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை.

"டப்பால எடுத்துக்கிறேன் அத்தை. நேரமாயிடுச்சு."

"எடுத்துக்கிறவங்க எடுத்துக்கலாம். யாரும் யாரையும் தடுக்கல. கோடு போடுற கைக்குத் தெம்பு வேணும்ல."

மருமகள் டப்பாவை மூடினாள். மாமியார் கோடு என்று சொன்ன அந்த வரைபடத்தைப் போட்டது அவள்தான். அதை இல்லையென்று அவள் எப்படிச் சொல்வாள்?

தண்ணீர் வாரியத்தின் புள்ளிவிவரப் பிரிவில் அவளுக்கு வேலை. அதே வாரியத்தின் பம்ப் ஹவுஸில், இரவு நேர ஆபரேட்டராக மாமனார் தலை நரைத்தவர். போன மாதம் ஓர் இரவு, தண்ணீரில் கலக்க வேண்டிய குளோரின் சில மணி நேரம் நின்றுபோனது. மூன்று தெருக்களில் வயிற்றுப்போக்கு. பக்கத்துத் தெருத் தையல்காரரின் பேத்தி, தவழ ஆரம்பித்திருந்த குழந்தை, பிழைக்கவில்லை.

பம்ப் ஹவுஸில் மணிக்கொருமுறை பதியும் ரீடிங்குகளை வைத்து, எந்த நேரத்தில் நின்றது என்று வரைபடம் போட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். போட்டுக் கொடுத்தாள். புதன்கிழமை அதிகாலை என்றது வரைபடம். செவ்வாய் இரவு உள்ளே போய்ப் புதன் காலை வெளியே வந்தவர் மாமனார் என்பது, அவள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

'என் ராத்திரியில் ஒன்றும் நடக்கவில்லை' என்று அவர் ஒரே ஒரு முறை சொன்னார். யாரும் நம்பவில்லை. அதற்குப் பிறகு அவர் சொல்லவும் இல்லை. வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். கப்பலில் வேலை பார்க்கும் மகனிடம்கூட, "எல்லாம் நல்லபடியா இருக்குப்பா," என்றுதான் போனில் சொன்னார்.

இப்போதும் குளியலறை வாசலில் உட்கார்ந்து, சொட்டாத குழாயைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"கிளம்பறேன் மாமா."

"போயிட்டு வாம்மா. வானம் இருண்டு கிடக்கு. குடை எடுத்துக்கோ."

அவள் மீது கோபப்பட எல்லா நியாயமும் இருந்த ஒரே மனிதர், குடையை நினைவூட்டினார். அவளுக்கு அதுதான் மாமியாரின் சுவர்ப் பேச்சைவிட அதிகமாக வலித்தது.

*

விசாரணை மறுநாள் காலையில் இருந்தது. விசாரணை அதிகாரி ஒரு மாற்றம் கேட்டிருந்தார். 'வரைபடம் புள்ளி புள்ளியாக இருக்கிறது. கண்ணுக்குப் பிடிபடவில்லை. கோடாக இணையுங்கள். தொட்டியின் நீர்மட்டத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.'

சின்ன வேலை. கணினி நிரலில் ஒரு சொல்லை மாற்றினால் புள்ளி கோடாகிவிடும். மாற்றி ஓட்டினாள்.

திரையில் வந்தது கோடு அல்ல. பூனை விளையாடிய நூல்கண்டு.

கோடு வலப்பக்கம் போனது, திடீரென்று இடப்பக்கம் பாய்ந்து திரும்பியது, மறுபடி வலப்பக்கம் ஓடியது. சிவப்பு எழுத்தில் ஏதாவது பிழை காட்டியிருந்தால்கூடத் தேவலை. அதைப் பிடித்துக்கொண்டு தேடலாம். நிரல் ஒரு குறையும் சொல்லாமல் ஓடி முடிந்திருந்தது.

"என்னடி இது, என் கையெழுத்து மாதிரி இருக்கு?" என்று எட்டிப் பார்த்தாள் எதிர் மேசைத் தோழி.

"எனக்கே புரியல. புள்ளியா இருந்தப்ப ஒழுங்காத்தானே இருந்துச்சு."

"ஒரே ரீடிங் ரெண்டு தடவை ஏறியிருக்கும்."

பார்த்தாள். ஏறவில்லை. நாளும் மாதமும் இடம் மாறியிருக்குமோ என்று பார்த்தாள். மாறவில்லை. கடைசியில் ஒரே ஒரு நாளை மட்டும் தனியாக வெட்டியெடுத்து வரைந்தாள்.

அப்போது தெரிந்தது. கோடு காலை ஆறிலிருந்து ஒழுங்காக நடந்தது. இரவு பத்து, பதினொன்று வரை வந்தது. அடுத்த ரீடிங் பன்னிரண்டு மணி. அங்கேதான் பாய்ந்தது, அதே தேதியின் தொடக்கத்துக்கு. கணினிக்கு நள்ளிரவுப் பன்னிரண்டு என்பது ஒரு நாளின் முதல் மணி. அந்த ரீடிங்கிலும் அதே தேதிதான் இருந்தது.

"அவ்வளவுதானா?" என்றாள் தோழி. "நேரப்படி அடுக்கிடு. எல்லாம் வரிசையா உக்காந்துடும். மதியம் சாப்பாட்டுக்கு முன்னாடி அனுப்பிட்டு நிம்மதியா இரு."

அடுக்கினாள். எல்லாம் வரிசையாக உட்கார்ந்தன. கோடு அழகாக, சாதுவாக, இடமிருந்து வலம் போனது. பழைய வரைபடம் சொன்னதையே இதுவும் சொன்னது: புதன் அதிகாலை, பூஜ்யம்.

அனுப்பும் பொத்தானை அழுத்தியிருக்கலாம். மனிதர்கள் அழுத்திவிடுகிற இடம்தான் அது. பார்க்க ஒழுங்காக இருப்பதை உண்மை என்று எடுத்துக்கொள்வது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். ஆனால் குழாயடியில் உட்கார்ந்திருந்த அந்த மனிதர் அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை. நீர்மட்டத்தையும் வரைந்து பார்த்துவிட்டு அனுப்பலாம் என்று நினைத்தாள்.

வரைந்தாள்.

அந்த மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, தொட்டியைக் கழுவுவதற்காகக் காலி செய்திருந்தார்கள். இரவெல்லாம் மெல்ல நிரப்பினார்கள். வரைபடத்தில் சனிக்கிழமை இரவு பதினொன்றுக்குத் தொட்டி கிட்டத்தட்டக் காலி. பன்னிரண்டுக்கு விளிம்பு வரை தண்ணீர்.

இன்னொன்றும் இருந்தது. அதே சனிக்கிழமை விடியற்காலையில், தொட்டி அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பிக்கொண்டிருந்தது. மாலையில் கழுவப்போகிற தொட்டி, காலையிலேயே காலியாகி நிரம்புகிறது!

"கழுவறதுக்கு முன்னாடியே காலியாச்சா? தொட்டிக்கு ஜோசியம் தெரியுமா?" என்று தோழி சிரித்தாள்.

மருமகள் சிரிக்கவில்லை. பம்ப் ஹவுஸுக்குப் போன் போட்டாள்.

*

"பம்ப் ஹவுஸ், வணக்கம்."

அவளுடைய தம்பியின் குரல். இரண்டு வருடத்துக்கு முன் மாமனார்தான் அலைந்து அவனுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தார். இந்த வாரம் அவனுக்குப் பகல் ஷிஃப்ட்.

"டேய், நான்தான்."

"நீயா! ஆபீஸ் நம்பரைப் பாத்துட்டுப் பெரிய ஆபீசர்னு எழுந்து நின்னுட்டேன்."

"உக்காரு. ஒரு சந்தேகம். ராத்திரி ஷிஃப்ட்ல ரெண்டு மணி ரீடிங் போடறப்ப என்ன தேதி போடுவீங்க?"

"அன்னைக்குத் தேதிதான்."

"எந்த அன்னைக்கு?"

"என்னக்கா கேள்வி இது? ராத்திரி பத்து மணிக்கு உள்ள வர்றோம். அப்ப என்ன தேதியோ, விடிஞ்சு வீட்டுக்குப் போற வரைக்கும் அதேதான். நீயே சொல்லு. 'நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கு நாய் குரைச்சுது'ன்னுதானே சொல்லுவ? 'இன்னைக்கு ரெண்டு மணிக்கு'ன்னா மத்தியானம்னு நினைச்சுக்க மாட்டாங்க?"

"கம்ப்யூட்டர் தானா தேதியைக் காட்டாதா?"

"காட்டும். பன்னெண்டு அடிச்சதும் மாத்திக் காட்டும். நாங்க திருப்பிப் பழைய தேதிக்குக் கொண்டுவந்துடுவோம். ராத்திரியை ரெண்டா வெட்டாதேன்னு இங்க ஒரு பேச்சே இருக்கு. எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டுதானே, தேதியும் வெட்டுப்பட்டா யாரு ரீடிங் எதுன்னு..."

பேச்சு அந்தரத்தில் நின்றது.

போனில் மோட்டார்களின் இரைச்சல் மட்டும் கேட்டது. மருமகளின் விரல் திரையில் 'புதன் 2.00' என்ற இடத்தில் இருந்தது. புதன் அதிகாலை இரண்டு மணி அல்ல. புதன் ராத்திரி இரண்டு மணி. காலண்டரில் அது வியாழன். புதன்கிழமை இரவு பத்து மணிக்கு உள்ளே போனவர் மாமனார் இல்லை.

"அக்கா," என்றான் தம்பி. குரல் சிறுத்துவிட்டது. "எதுக்குக் கேக்கிற?"

"நான் அங்க வர்றேன்."

*

மழை இன்னும் வரவில்லை. பம்ப் ஹவுஸுக்குள் மோட்டார் இரைச்சலில் நிதானமாகப் பேச முடியாது. தம்பி அவளைக் கட்டடத்தின் பின்பக்கம், குளோரின் சிலிண்டர்கள் நிற்கும் கொட்டகை அருகே அழைத்துப் போனான். மஞ்சள் வண்ணம் அடித்த உயரமான சிலிண்டர்கள், சங்கிலியில் கட்டப்பட்டு வரிசையாக நின்றன.

"புதன்கிழமை ராத்திரி நீதானே?"

அவன் சங்கிலியைப் பிடித்துக்கொண்டான்.

"கண் அசந்துட்டேங்க்கா."

"எப்படிடா?"

"குழந்தை பிறந்ததிலேருந்து வீட்டுல பகல் தூக்கமே இல்ல. அழுதுக்கிட்டே இருக்கு. நாற்காலியில சாஞ்சேன், அவ்வளவுதான். சிலிண்டர் தீர்ந்தது தெரியல. நாலு மணிக்கு முழிச்சு வேற சிலிண்டர் மாத்தினேன். ஒரு மணி, ரெண்டு மணி, மூணு மணி, கம்ப்யூட்டர்ல மூணு கட்டமும் காலியா இருந்துச்சு. மீட்டர்ல போன மணிகளோட நம்பர் அப்படியே நிக்கும். பாத்தேன். மூணும் பூஜ்யம்."

"பூஜ்யம்னே போட்டுட்ட."

"நல்ல நம்பரா ஏதாவது போட்டிருக்கலாம். யாருக்கும் தெரிஞ்சிருக்காது. கை வரல."

அந்த ஒரு வாக்கியத்துக்காக அவனை அணைத்துக்கொள்ளத் தோன்றியது அவளுக்கு. ஆனால் கேட்க வேண்டியது பாக்கி இருந்தது.

"பொய் எழுதக் கை வரலை. சரி. உடனே யாரையாவது கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே? தெருவுக்குத் தண்ணி போகாம நிறுத்தியிருப்பாங்களே?"

"மூணு மணி நேரம்தானே, ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேங்க்கா."

"மாமாவை வேலையிலேருந்து நிறுத்தினாங்களே, அப்ப?"

"உன் கிராஃப்தானே தப்பு? எப்படியும் யாராவது கண்டுபிடிச்சுடுவாங்கன்னு இருந்தேன். ஒவ்வொரு நாளும் இன்னைக்குத் தெரிஞ்சுடும், இன்னைக்குத் தெரிஞ்சுடும்னு... தெரியலை. நாள் போகப் போக வாய் திறக்கிறது இன்னும் கஷ்டமாயிடுச்சு."

"கண்டுபிடிச்சது நான்தான். என் தப்பை."

அம்மா போனபோது இவனுக்கு ஐந்து வயது. தலை வாரிவிட்டது அவள். பள்ளிக்கூடத்தில் விட்டது அவள். இன்று அவனைக் காட்டிக் கொடுக்கப் போவதும் அவள்.

"நாளைக் காலைல சரியான கிராஃபைக் கொடுப்பேன். கொடுக்காம இருக்க என்னால முடியாதுடா."

"தெரியும்."

"அந்தக் கோடு சொல்றதுக்கு முன்னாடி ஆபீஸ்ல நீயே சொல்லிடு. அந்த நேரம்தான் என்னால கொடுக்க முடியும்."

"வேலை போயிடுமா?"

"போகும்."

"ஜெயில்ல போடுவாங்களா?"

"தெரியலைடா. பொய் சொல்லமாட்டேன். எனக்குத் தெரியல."

அவன் தலையாட்டினான். அவன் கண்ணைச் சுற்றி இருந்த கருமையை அப்போதுதான் கவனித்தாள். "காலைலேருந்து ஏதாவது சாப்பிட்டியா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் தன் டப்பாவைத் திறந்து அவன் கையில் வைத்தாள். தப்புச் செய்தவனுக்கும் பசிக்கும். கடவுள் பசியை ஆள் பார்த்துக் கொடுப்பதில்லை.

அவன் இரண்டு வாய் சாப்பிட்டான். மூன்றாவது வாயை டப்பாவிலேயே வைத்துவிட்டான்.

*

அவள் வீடு வந்தபோது மாலை. மாமனார் கூடத்தில் இருந்தார். கையில் குறடு.

"மாமா, அது உங்க ராத்திரி இல்ல."

அவர் முகம் மலரும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். மலரவில்லை. குறடை மெதுவாகக் கீழே வைத்தார்.

"தெரியும்மா."

"தெரியுமா?"

"என் ராத்திரியில என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? தேதியிலதான் குழப்பம்னு ரெண்டு நாள் கழிச்சு உறைச்சுது. ஓடிப் போய்ச் சொல்லலாம்னு சட்டையைக்கூட மாட்டிட்டேன். அப்புறம்தான் அடுத்த ராத்திரி யாரோடதுன்னு ஞாபகம் வந்துச்சு."

மருமகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தக் கிராஃபை அப்படியே விட்டுடேம்மா. எனக்கு இன்னும் கொஞ்ச நாள்ல எப்படியும் வேலை முடியப்போகுது. அவனுக்கு இப்பத்தான் ஆரம்பம். கைக்குழந்தை வேற. உன் தம்பியும் எனக்குப் பிள்ளைதானே."

"ஆஹா!" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. மாமியார் கையில் கரண்டியோடு வந்து நின்றார். எல்லாம் கேட்டிருந்தார்.

"ரொம்பப் பெரிய மனசு! ஏங்க, மூணு வாரமா இவளை நான் கரிச்சுக் கொட்டினேனே, கேட்டுக்கிட்டுத்தானே உக்காந்திருந்தீங்க? அவனைக் காப்பாத்த உங்களுக்கு மனசு இருந்துச்சு. இவளைக் காப்பாத்த ஒரு வார்த்தை இல்லையா?"

மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். "அதைச் சொன்னா இதையும் சொல்லணுமேடி."

"சொல்லக் கூடாதோ?"

"அவன் வாழ்க்கை போயிடும்."

கோபத்தில் வந்த மாமியார், கரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குரல் தாழ்ந்தது.

"இன்னைக்குக் கடையில தையல்காரர் மருமகளைப் பாத்தேன். அந்தக் குழந்தையோட அம்மா. நான் முகத்தைத் திருப்பிக்கிட்டு ஓடப் பாத்தேன். அவளே வந்து கையைப் பிடிச்சுக்கிட்டா. 'பெரியவர் மேல எங்களுக்குக் கோபம் இல்லம்மா. அவரு வேணும்னா செஞ்சாரு? வேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்க'ன்னா."

மாமனார் நிமிர்ந்து பார்த்தார்.

"பிள்ளையைப் பறிகொடுத்தவ, எப்படியெல்லாம் மனசைத் தேத்திக்கிட்டு அந்த வார்த்தையைச் சொன்னாளோ! அது உங்களுக்குச் சேர வேண்டியது இல்லையே. ஆள் மாறிக் கொடுத்துட்டுப் போயிருக்கா. நீங்க வாங்கி வச்சுக்கிட்டீங்கன்னா அதுக்குப் பேர் தியாகமா?"

மாமனாரின் கண்கள் நிறைந்தன. நல்லவர்தான். நல்லது என்று நினைத்துத்தான் செய்தார். ஆனால் ஒருவர் பாரத்தை நாம் தூக்கும்போது, அதற்கு அடியில் இன்னும் யார் யார் நசுங்குகிறார்கள் என்று குனிந்து பார்க்க மறந்துவிடுகிறோம்.

"அப்ப என்ன செய்யச் சொல்ற?" என்றார் மெல்ல.

"எனக்கென்ன தெரியும்? நான் சமையல் பண்றவ." மாமியார் புறங்கையால் கண்ணைத் துடைத்தார். "அந்த வீட்டுக்கு உண்மை தெரியணும். அப்புறம் கோபப்படறதும் மன்னிக்கிறதும் அவங்க இஷ்டம்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அப்போது மருமகளின் போன் அடித்தது.

தம்பி.

"அக்கா, ஷிஃப்ட் முடிஞ்சு நேரா வந்துட்டேன். தையல் கடை வாசல்ல நிக்கிறேன்."

அவள் எழுந்து நின்றாள். "ஆபீஸுக்குன்னுதானேடா சொன்னேன்?"

"அங்க நாளைக்குச் சொல்றேன். இவங்களுக்கு ஆபீஸ் சொல்லித் தெரியக் கூடாதுன்னு தோணுச்சு." பற்கள் அடித்துக்கொள்ளும் ஓசை கேட்டது, குளிரா பயமா தெரியவில்லை. "எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலைக்கா. போனை வச்சுடாத. நீ பேச வேண்டாம். சும்மா இரு."

"இருக்கேன்."

மாமனாரும் மாமியாரும் இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள். போனில் மழையின் சத்தம். ஒரு தையல் இயந்திரத்தின் சத்தம். கதவு திறக்கும் சத்தம்.

"அடடே, நனைஞ்சுட்டு நிக்கிறீங்களே, உள்ள வாங்க தம்பி," என்றது வயதான ஒரு குரல். "அந்த நாற்காலியில உக்காருங்க. இந்தச் சட்டைக்கு ஒரு கை மட்டும்தான் பாக்கி. முடிச்சுட்டு அளவு எடுக்கிறேன்."

இயந்திரம் ஓடியது. நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது. மருமகள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்தச் சத்தம் நிற்க வேண்டாம் என்றும், சீக்கிரம் நின்றுவிட வேண்டும் என்றும் ஒரே நேரத்தில் வேண்டிக்கொண்டாள்.

நின்றது.

"சொல்லுங்க தம்பி," என்றார் தையல்காரர்.